மிளகை யாரும் தொடக்கூடாது

எங்கள் இளம் உழவர் மன்றத்தில் என்னை 'சி.ஐ.டி.' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாரையும் நம்புகிறவர்களுக்கு என்ன பெயர் வைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

பத்து வயதில் ஒரு பூசணிக்கொடியோடு மன்றத்தில் சேர்ந்தேன். சேரும்போது ஓர் உறுதிமொழி உண்டு. வலது கையை நெஞ்சில் வைத்து, மண்ணுக்கும் மந்தைக்கும் உண்மையாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். கூட்டம் விதைக் கிடங்கில் நடக்கும். மூட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும் மூக்கொழுகி வாண்டுகள்கூட, "முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்" என்று பெரிய மனிதர்கள் மாதிரி பேசும். செயலாளருக்கு பம்ப்செட் ரிப்பேர் கடை. கிரீஸ் படிந்த கையால் மேசையைத் தட்டி, "நிறைவேறியது" என்பார். ஒருமுறை முயல் கூண்டுக்குக் கொசுவலை வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. அடுத்த வாரமெல்லாம் தோற்ற கட்சி ஜெயித்த கட்சியோடு பேசவில்லை.

அந்த முதல் வருடமே என் கண் திறந்துவிட்டது. நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால்தான் தூக்க முடியும், அப்படி ஒரு பூசணி வளர்த்திருந்தேன். கண்காட்சி அன்று காலையில் பார்த்தால் அதன் தோலில் யாரோ கட்டைவிரல் நகத்தால் அரைவட்டம் போட்டிருந்தார்கள். மதிப்பெண் போயிற்று. எலி கடித்திருக்கும் என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். எந்த எலிக்கு அத்தனை அழகாக அரைவட்டம் போட வரும்? அன்றிலிருந்து பூசணியிலிருந்து முயலுக்கு, முயலிலிருந்து ஆட்டுக்கு, ஆட்டிலிருந்து கன்றுக்கு என்று நான் வளர்ந்தேன். சந்தேகமும் கூடவே வளர்ந்தது. முயல் கூண்டுக்குப் பூட்டு. ஆட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி. மூடிமேல் ஒரு கல். கல் எந்த வாக்கில் வைத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கன்றின் பெயர் மிளகு. கிடேரி. வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டுப் பொட்டாக இருக்கும். அதை வைத்துத்தான் என் தலையெழுத்தே தீர்மானமாக இருந்தது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டேன். கன்றைப் பழக்கி நடத்திக் காட்டும் போட்டியில் முதலாவதாக வருகிறவரை மன்றம் விடுதியோடு கூடிய விவசாயக் கல்லூரிக்குப் பரிந்துரை செய்யும். ஒரே ஒரு இடம்தான். அப்பா இதைப்பற்றி ஒரே தடவைதான் பேசினார்.

"கெடச்சா போ. நான் தடுக்கல. கெடைக்கலன்னா திங்கக்கிழமையில இருந்து சித்தப்பா கடையில உக்காரு. சும்மா வீட்டைச் சுத்திக்கிட்டு இருக்கக் கூடாது."

சித்தப்பாவுக்குத் தீவனக் கடை. தவிட்டுத் தூசி தும்மலாக வரும். சித்தப்பா எதையும் இரண்டு தடவை சொல்லுவார். "மூட்டை வந்துச்சா, மூட்டை வந்துச்சா?" என்பார். எனக்கு முன்னால் அந்தக் கல்லாவில் உட்கார்ந்த அத்தை, உட்கார்ந்தபடியே கிழவியாகி, மூட்டுவலி வந்த பிறகுதான் எழுந்தாள். அந்த நாற்காலி இப்போது எனக்காகக் காலியாக இருந்தது.

என் வழியில் நின்றவள் ஒருத்திதான். கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரின் மகள். தலையில் ரிப்பன், கன்றின் வாலில் ரிப்பன், தண்ணீர் வாளியின் பிடியில்கூட ரிப்பன். மன்றத்தில் அவளுக்குப் பெயரே ரிப்பன். அவளுடைய கன்று தவிட்டு நிறம், வாட்டசாட்டமானது, ஆனால் போன குளிர்காலத்தில் அது அவளைக் கிடங்கு வாசலிலிருந்து ரோடுவரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதை ஊரே பார்த்தது. நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு கொஞ்ச நாளில் அதே கன்று நாய்க்குட்டி மாதிரி அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தது. நிம்மதி போயிற்று. இழுத்துக்கொண்டு ஓடின கன்றுக்குத் திடீரென்று எங்கிருந்து வந்தது இந்த ஒழுக்கம்? அவள் ஏதோ மருந்து கொடுக்கிறாள் என்று முடிவு செய்தேன். அப்பா கம்பவுண்டர் இல்லையா.

இந்த இடத்தில் என் அண்ணனைச் சொல்ல வேண்டும். மன்றத்தின் பழைய உறுப்பினன். வயது வரம்பு தாண்டியதும் வெளியே வந்துவிட்டான், ஆனால் மனசு வரவில்லை. போட்டிக்குக் கயிறு கட்டுவது, மரத்தூள் கொட்டுவது என்று எதையாவது சாக்கிட்டுப் போய் நிற்பான். கன்று பழக்குவதில் அவனை அடிக்க ஆளில்லை. போட்டியில் கன்று ஒரு நிலையில் நிற்க வேண்டும். முன்னங்கால் இரண்டும் சமமாக, நடுவர் பக்கம் இருக்கும் பின்னங்கால் மட்டும் ஓரடி பின்னால். எல்லாரும் கன்றின் தோளில் கட்டைவிரலை அழுத்தித்தான் காலை நகர்த்துவார்கள். அண்ணனுடைய முதல் கன்றுக்குத் தோளில் கூச்சம், அழுத்தினால் உதைக்கும். அதனால் அவன் அதன் நெற்றியில் மெதுவாக ஊதுவான். ஊதினால் கன்று பின்னங்காலைப் பின்னால் வைக்கும். ஊதி ஊதியே இரண்டு கோப்பை வாங்கினான், கல்லூரிக்குத்தான் படிப்பு ஏறவில்லை. "அடுப்பு ஊதுறவன் வந்துட்டான்" என்று கேலி செய்தார்கள். வேறு யாரும் அதைப் பழகவில்லை.

மன்றத்தின் விதிப்படி வீட்டார் உதவலாம். வெளியாள் கை படக்கூடாது. பட்டது தெரிந்தால் கன்று போட்டியை விட்டு வெளியே, பழக்கின ஆள் ஆயுசுக்கும் மன்ற வாசலை மிதிக்கக் கூடாது. ஆகவே அண்ணன் எனக்கு உதவுவதில் ஒரு தப்பும் கிடையாது. மிளகு வந்த முதல் வாரமே தொழுவத்துக்கு வந்து நின்றான்.

"நான் கொஞ்சம் நடத்திப் பாக்கட்டுமா?"

"வேணாம். என் கன்னு. நானே பாத்துக்கறேன்."

"சும்மா ஒரு சுத்து."

"நாளைக்கு நான் ஜெயிச்சா எல்லாரும் என்ன சொல்லுவாங்க? அண்ணன் பழக்கினான், தங்கச்சி கப்பு வாங்கினான்னு சொல்லுவாங்க. தேவையில்ல."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் சில நாள் தொழுவத்துப் பக்கம் வந்து, வேலியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி நின்று பார்க்க அங்கே என்ன இருக்கிறது? ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டான்.

போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதுதான் தடயங்கள் கிடைக்க ஆரம்பித்தன.

முதலாவது, முகக்கயிறு. கன்றின் முகத்தில் மாட்டி நடத்துகிற தோல் வார் அது. இடுப்பு பெல்ட் மாதிரி துளைகள் இருக்கும். மிளகுக்கு எப்போதும் மூன்றாவது துளை. ஒரு காலையில் எடுத்துப் பார்க்கிறேன், ஐந்தாவது துளையில் மாட்டியிருந்தது. வாரில் புது மடிப்பு. இரண்டாவது, கதவின் கொக்கி. நான் மேலிருந்து கீழே மாட்டுவேன். கீழிருந்து மேலே மாட்டிக்கிடந்தது. மூன்றாவது தடயம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மிளகைத் தேய்க்கிற பிரஷ்ஷில் தவிட்டு நிற முடி.

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கன்றுகளுக்குப் படர்தாமரை வரும். வந்த கன்றைத் தேய்த்த பிரஷ்ஷால் நல்ல கன்றைத் தேய்த்தால் போதும், அதற்கும் ஒட்டிக்கொள்ளும். போட்டி அன்று வாசலில் நின்று ஒவ்வொரு கன்றின் தோலையும் பார்ப்பவர் யார்? கம்பவுண்டர். தோலில் ஒரு வட்டம் தெரிந்தால் உள்ளே விடமாட்டார். மகள் ஒட்டவைப்பாள், அப்பா திருப்பியனுப்புவார். குடும்பத் தொழில்.

பிரஷ்ஷை வெந்நீரில் போடுவதற்கு முன்னால் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இது யார் முடின்னு தெரியுதா?"

பிரஷ்ஷை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நம்ம நாயோடதா இருக்கும்."

"நம்ம நாயை எவன் தேய்ச்சான்?"

"அது தானே வந்து உரசியிருக்கும்."

"கதவைத் தொறந்து, பிரஷ்ஷை எடுத்து, உரசிட்டு, கதவைச் சாத்திட்டுப் போச்சா?"

அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "உனக்கு ஆனாலும் கற்பனை ஜாஸ்தி" என்று சொல்லி பிரஷ்ஷை என் கையில் கொடுத்தான். நான் அவனிடமே தொழுவத்தின்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "சரி, பாத்துக்கறேன்" என்றான். வீட்டில் நான் முழுசாக நம்பின ஒரே ஆள் அவன்தான், அதுவும் அவன் சோம்பேறி, சூது செய்யும் அளவுக்கு உழைக்க மாட்டான் என்ற நம்பிக்கையில்.

அடுத்த கூட்டத்தில் ரிப்பன் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தேன். வேண்டுமென்றேதான்.

"உன் கன்னு இப்ப நல்லா நடக்குதே. எப்படி?"

"பழக்கம்தான்" என்றாள். காதுவரைக்கும் சிவந்துவிட்டது.

"என்ன பிரஷ் யூஸ் பண்றே?"

"சாதா பிரஷ்தான். ஏன் கேக்கறே?"

"சும்மாதான். என் பிரஷ்ஷுல வேற கன்னோட முடி இருந்துச்சு."

அவள் எச்சில் விழுங்கினாள். செயலாளர் மேசையைத் தட்டியதும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று முன்வரிசைக்குப் போய்விட்டாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் தொழுவத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே காவலை மிளகிடமே ஒப்படைப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பழைய பவுடர் டப்பாவில் கூழாங்கல் போட்டு மூடினேன். என்னைத் தவிர யார் கை நீட்டினாலும், மிளகின் காதுக்குப் பக்கத்தில் டப்பாவை ஒரு குலுக்கு. அம்மா தடவ வந்தாள், குலுக்கினேன். அப்பா தட்டிக்கொடுக்க வந்தார், குலுக்கினேன். பால் எடுக்க வருகிறவர் சும்மா அந்தப் பக்கம் போனார், அவருக்கும் ஒன்று. மிளகு கெட்டிக்காரி. சீக்கிரமே டப்பா தேவைப்படாமல் போயிற்று. அன்னியக் கை நீண்டதும் காதை மடக்கி, என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொள்ளும். அந்த ஈரமூக்கு என் முழங்கையில் இடிக்கும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? உலகத்தில் என்னை மட்டும் நம்புகிற ஓர் உயிர்.

"இது கன்னுக்குட்டியா, காவல் நாயா?" என்றாள் அம்மா. "நாளைக்குக் கறக்கிற காலத்துல யாரு கிட்டப் போறது?"

அண்ணன் மட்டும் கோபப்பட்டான். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே குறைவு.

"என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா? கன்னு மேல நாலு பேர் கை படணும். நடுவர் மாத்திப் பிடிக்கச் சொன்னா என்ன பண்ணுவே?"

மாத்திப் பிடிப்பது என்று ஒரு பழைய வழக்கம் மன்றத்தில் உண்டு. கடைசிச் சுற்றில் நடுவர் நினைத்தால் கன்றுகளை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். உன் கன்றை அவள் நடத்த வேண்டும், அவள் கன்றை நீ நடத்த வேண்டும். நான் கன்றுப் பிரிவுக்கு வந்த பிறகு எந்த நடுவரும் அதைக் கேட்டதில்லை.

"அதெல்லாம் உன் காலத்துல" என்றேன். "இப்ப யாரும் சொல்றதில்ல."

"சொன்னா?"

"என் கன்னை யாரும் தொடக்கூடாதுன்னா உனக்கு ஏன் இப்படி எரியுது? ரிப்பன் ஏதாவது சொல்லிவிட்டாளா?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு மிளகைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

போட்டி நாள் வந்தது. வாசலில் கம்பவுண்டரிடம், நீங்கள் மிளகைத் தொட வேண்டாம், நானே முடியை விலக்கிக் காட்டுகிறேன் என்று சொல்லி, கழுத்து, வால், வயிறு என்று எல்லா இடத்தையும் காட்டினேன். "சுத்தமா இருக்கும்மா. நல்லா வெச்சிருக்கே" என்றார். சிரித்தார்கூட. சதி பலிக்காத ஏமாற்றத்தை எவ்வளவு நன்றாக மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவர் வெளியூர் அம்மா. கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய தொப்பி, கையில் ஒரு சின்னக் குச்சி, முகத்தில் எதுவும் தெரியாது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மரத்தூள் பரப்பின வட்டத்துக்குள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்தோம். அவர் ஒவ்வொருவராகக் குச்சியால் வெளியே அனுப்பினார். கடைசியில் நானும் ரிப்பனும். வரிசையில் முன்னால் நிறுத்தப்படுகிறவர்தான் அந்த நேரத்துக்கு முதல். முன்னால் நின்றது நான். மிளகு வரைந்து வைத்த மாதிரி நின்றது. எனக்குக் கல்லூரி விடுதியின் ஜன்னல்கூடத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"ரெண்டு பேரும் கன்னை மாத்திப் பிடிங்க" என்றார் நடுவர்.

என் முகத்தில் ஈயாடவில்லை. கை மட்டும் தானாகக் கயிற்றை நீட்டியது. ரிப்பன் வாங்கினாள். மிளகு அவள் கையைப் பார்த்தது, காதை மடக்கியது. பிறகு என் பக்கம் வரப் பார்த்தது. அவள் மெதுவாகக் கயிற்றை இழுத்தாள். அவ்வளவுதான். மிளகு கத்திக்கொண்டு பின்வாங்கித் துள்ளியது. ரிப்பன் விழுந்தாள். கயிற்றை விடவில்லை. முழங்காலிலேயே தேய்ந்துகொண்டு மரத்தூளில் பாதி வட்டம் போனாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். வேலிக்கு வெளியே நின்றவர்கள் "ஐயோ, விட்டுடும்மா" என்று கத்தினார்கள். அவள் விடவில்லை. ஒருவழியாகக் கன்று மூச்சிரைக்க ஒரு மூலையில் நின்றது. உடம்பெல்லாம் நடுக்கம். அது பயத்தில் நடுங்குகிறது என்று வட்டத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. யாரால் என்று எனக்குத் தெரிந்தது.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீ நடத்து."

ரிப்பனின் கன்று என்னோடு சாதுவாக வந்தது. ஒரு சுற்று முடித்து நிறுத்தினேன். நிலைக்காகத் தோளில் கட்டைவிரலை அழுத்தினேன். அது அசையவில்லை. இன்னும் அழுத்தினேன். என்ன வேண்டும் உனக்கு என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தது. சின்ன வயதில் வேலிமேல் உட்கார்ந்து அண்ணன் பழக்குவதை நாள் தவறாமல் பார்த்த பழக்கமோ என்னவோ, யோசிக்காமல் குனிந்து அதன் நெற்றியில் ஊதினேன்.

பின்னங்கால் ஓரடி பின்னால் போய் ஊன்றியது.

ஐந்தாவது துளை. தவிட்டு நிற முடி. நாய் வந்து உரசியிருக்குமாம். யாரும் என் தொழுவத்துக்குள் வரவில்லை. என் வீட்டிலிருந்துதான் முகக்கயிறும் பிரஷ்ஷும் வெளியே போய் வந்திருக்கின்றன. அந்தப் பெரிய தலைக்கு ஐந்தாவது துளைதான் சரியாக இருக்கும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் எதிரியின் கன்றை என் அண்ணன் பழக்கியிருக்கிறான், என் கயிற்றையே எடுத்துப் போய். என் சோற்றில் மண்ணைப் போட என் வீட்டிலேயே ஆள்.

நடுவர் முதலில் ரிப்பனிடம் கேட்டார். "உன் கையில இருக்கிற கன்னைப் பத்தி நீ கண்டுபிடிச்ச ஒரு விஷயம் சொல்லு. நல்லதோ கெட்டதோ."

அவள் முழங்காலில் ரத்தம் கசிந்தது. "நல்ல கன்னுங்க. நான்தான் அவசரப்பட்டு இழுத்துட்டேன். பயந்துடுச்சு."

அப்படிச் சொல்ல அவளுக்கு ஒரு அவசியமும் இல்லை. உள்ளதைச் சொல்லியிருக்கலாம். எதற்காக இந்த நல்லவள் வேஷம் என்று நான் யோசிப்பதற்குள் நடுவர் என்னிடம் வந்துவிட்டார்.

"நீ சொல்லும்மா."

ஒரு வாக்கியம் போதும். இதை வெளியாள் பழக்கியிருக்கான். வேண்டுமானால் நெற்றியில் ஊதிப் பாருங்கள் என்றால் கன்றே சாட்சி சொல்லும். ரிப்பன் வெளியே. மிச்சம் இருப்பது நான் மட்டும். கல்லூரி என்னுடையது. சித்தப்பாவின் நாற்காலியில் வேறு யாராவது உட்காரட்டும். நான் அண்ணனைப் பார்த்தேன்.

அவன் வேலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். நான் ஊதினதைப் பார்த்துவிட்டான். தலையாட்டவில்லை, கையைக் காட்டவில்லை, கெஞ்சவில்லை. கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தொப்பியையும் கழற்றிவிட்டு நின்றான். நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தீர்ப்பு வந்துவிட்டது மாதிரி நின்றான். மன்றத்தை விட்டுப் போவதற்கு ஆயத்தமாகிவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நான் என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாதபோது இவன் யார் முடிவு கட்ட? இத்தனை வருடம் கூடப் பிறந்து, கூடச் சாப்பிட்டு, என்னைப் பற்றி இவன் வைத்திருக்கிற எண்ணம் இதுதானா? நடுவர் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"இந்தக் கன்னுக்கு யாரைப் பாத்தாலும் பயமில்லைங்க" என்றேன். "எல்லாரையும் நம்புது."

"அதுதான் வேணும்" என்றார் நடுவர். குச்சியை ரிப்பன் பக்கம் நீட்டினார். வேலிக்கு வெளியே கைதட்டினார்கள். ரிப்பன் அழுதாள். கம்பவுண்டர் உள்ளே ஓடிவந்து மகளின் முழங்காலைத் துடைத்தார். நான் போய் மிளகின் கயிற்றை வாங்கிக்கொண்டேன். அது என் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

கன்றுகளைக் கழுவுகிற இடத்தில் ரிப்பன் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கோப்பையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள், நான் பார்த்துவிடக் கூடாதாம்.

"நீ கண்டுபிடிச்சுட்டே இல்ல?" என்றாள். "அண்ணாகிட்ட நான்தான் கேட்டேன். எங்கப்பாவுக்கு மருந்து குடுக்கத்தான் தெரியும், நடத்தத் தெரியாது. நான் போய்ச் சொல்லிடட்டுமா?"

"சொல்லிட்டு? அவன் மன்றத்துக்குள்ள காலெடுத்து வைக்க முடியாது. தெரியுமில்ல?"

அவள் தலைகுனிந்தாள்.

"போய்ப் படி" என்றேன். "நல்லாப் படி. இல்லன்னா நானே வந்து எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

அண்ணன் அவள் போகும்வரைக்கும் குழாயடியில் நின்றிருந்தான். பிறகு பக்கத்தில் வந்தான்.

"சொல்லுவேன்னு நெனச்சேன்."

"நீ நெனச்சது தெரிஞ்சுது." குரல் உடைந்துவிட்டது, அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. "ஏன் அப்படிப் பண்ணினே? அவ உனக்கு யாரு? நான் யாரு?"

அவன் குழாயை மூடினான்.

"எனக்குக் கன்னு பழக்கணும் போல இருந்துச்சு" என்றான். "வேறென்ன தெரியும் எனக்கு? நீ உன் கன்னைத் தொட விடல. நின்னு பாக்கக்கூட விடல. அந்தப் பொண்ணு கேட்டா. போனேன்."

அவன் மிளகை நோக்கிக் கையை நீட்டினான். மிளகு காதை மடக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

சாயந்திரம் சித்தப்பா போன் செய்து, "திங்கக்கிழமை வந்துடும்மா, திங்கக்கிழமை வந்துடு" என்றார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரைக்கும் கடை. அப்பா தயங்கித் தயங்கி மிளகின் பேச்சை எடுத்தார். பகலெல்லாம் கன்றை யார் பார்ப்பது? அம்மாவை அது கிட்டவே விடாது. அவரை விடாது. வேறு வழியில்லை, வித்துவிடலாமா என்றார். வாங்குகிறவன் மட்டும் எப்படித் தொடுவான் என்று அம்மா கேட்டாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் தொழுவத்தில் நின்றோம், நானும் அவனும் மிளகும். அவன் உள்ளங்கையில் கொஞ்சம் தவிட்டை வைத்து நீட்டினான். மிளகு என்னோடு ஒட்டிக்கொண்டது. நான் நகர்ந்தேன், அதுவும் நகர்ந்தது. நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அது எனக்குப் பின்னால் வந்து நின்று, என் தோளுக்கு மேலாக அவனைச் சந்தேகத்தோடு பார்த்தது. அப்படியே என் பார்வை.

"இது ஆகாது" என்றான். "நீ போ."

"எங்கே?"

"எங்கேயாவது. நீ இருக்கிறவரைக்கும் அது என்கிட்ட வராது."

"நீ அதை அடிச்சேன்னா..."

"நான் எந்தக் கன்னையாவது அடிச்சு நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. கயிற்றை அவன் கையில் கொடுத்தேன். விரலைப் பிரிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தொழுவத்தை விட்டு வெளியே வந்து, முற்றத்தைத் தாண்டி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாவித் துளை வழியாகப் பார்க்கக் கூடாது என்று கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். என்ன செய்கிறானோ, எப்படிப் பிடிக்கிறானோ என்று மனசு அடித்துக்கொண்டது. மிளகு கத்த ஆரம்பித்தது. என்னைத்தான் கூப்பிடுகிறது என்று தெரிந்தது. மறுபடி மறுபடி கத்தியது. நான் போகவில்லை.